கேட்பாரற்ற பையைக் கேமரா கண்டுபிடிக்குமா?

"கேட்பாரற்றுக் கிடக்கும் பொருட்களைத் தொட வேண்டாம்" என்று ரயில் நிலைய ஒலிபெருக்கி நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறது. அப்படிக் கிடக்கும் பொருளைக் கேமராவே கண்டுபிடித்துக் கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்ல வேண்டும் என்பது கண்காணிப்பு டெண்டர்களில் வழக்கமாக வரும் ஒரு வரி. எதிரே "உண்டு / இல்லை" என்று ஒரு கட்டம் இருக்கும். யாரும் "இல்லை" என்று எழுதுவதில்லை. அந்த "உண்டு"வுக்குள் என்னென்ன இருக்கிறது, எங்கே அது கோட்டை விடுகிறது என்பதுதான் இந்தப் பதிவு.

பை கிடப்பது படத்தில் தெரியும். கேட்பார் இல்லை என்பது வீடியோவின் எந்தத் தனிப் படத்திலும் (ஃபிரேமிலும்) தெரியாது. கடந்த இரண்டு நிமிடத்தில் யார் வந்தார், யார் வைத்தார், யார் போனார் என்பதிலிருந்து அதை ஊகிக்க வேண்டும். பெட்ஸ் என்ற ஆய்வுப் பட்டறை 2006-ல் லண்டன் விக்டோரியா நிலையத்தில் படமெடுத்த காட்சிகளை வைத்து இதற்கு ஓர் இலக்கணம் வகுத்தது. பையைக் கொண்டுவந்தவர் 2 மீட்டருக்குள் இருந்தால் பைக்கு ஆள் உண்டு. 3 மீட்டரைத் தாண்டி, 30 விநாடி திரும்பி வராவிட்டால் அலாரம். இன்றும் பெரும்பாலான மென்பொருட்கள் இந்த மூன்று எண்களைத்தான் கொஞ்சம் முன்பின்னாக மாற்றி வைத்திருக்கின்றன. நம் ஊர் நடைமேடையில் இந்த எண்கள் அப்படியே செல்லாது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் கேமரா.

1/2.8 அங்குல சென்சார் உள்ள 1080பி கேமராவில் சென்சாரின் அகலம் சுமார் 5.6 மி.மீ. 4 மி.மீ. லென்ஸ் போட்டால், 10 மீட்டர் தொலைவில் அது பார்க்கும் அகலம் 10 × 5.6 ÷ 4 = 14 மீட்டர். 1920 பிக்சலை 14 ஆல் வகுத்தால் மீட்டருக்கு 137 பிக்சல். 20 மீட்டரில் அது 68 ஆகிவிடும். ஆள் நடமாட்டத்தைக் கண்டறிய மீட்டருக்கு 25 பிக்சல் போதும் என்கிறது ஐஇசி 62676-4 தரநிலை. அதனால் 68 தாராளம் என்று காகிதத்தில் தோன்றும். அந்த 25 என்பது திரையைப் பார்க்கும் மனிதனுக்காகச் சொன்னது. படத்தில் உள்ள பொருட்களை அடையாளம் காணும் யோலோ வகை மாடலுக்குப் படத்தை வழக்கம்போல் 640 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கி அனுப்பினால், 20 மீட்டரில் 27 பிக்சலாக இருந்த 40 செ.மீ. தோள்பை 9 பிக்சலாகிவிடும். அந்த மாடலின் மிக நுண்ணிய கட்டமே 8 பிக்சல். ஒரு பை, ஒரு கட்டம். அது பையா, நிழலா, வெற்றிலைக் கறையா என்று சொல்ல அங்கே தகவலே இல்லை. ஆகவே ஒரு கேமராவிடம் 15 மீட்டருக்கு மேல் பை தேடச் சொல்லாதீர்கள்.

உயரம் அதைவிட முக்கியம். 4 மீட்டர் உயரத்தில் கேமரா இருக்கிறது, அதிலிருந்து 10 மீட்டர் தள்ளி 1.65 மீட்டர் உயரமுள்ள ஒருவர் நிற்கிறார் என்று வையுங்கள். அவருக்குப் பின்னால் 7 மீட்டர் நீளத் தரை கேமராவுக்கு மறைந்துவிடும். கேமராவை 6 மீட்டருக்கு ஏற்றினால் மறைவு 3.8 மீட்டராகக் குறையும். நடைமேடைக் கூரைகளில் பெரும்பாலும் 6 மீட்டர் கிடைக்காது. அப்படிப்பட்ட இடத்தில் 8 மெகாபிக்சல் கேமரா ஒன்றை வாங்குவதைவிட, எதிரெதிராகப் பார்க்கும் 2 மெகாபிக்சல் கேமரா இரண்டு நல்லது. மறைவைப் பிக்சல் தீர்க்காது.

கேமராவின் அமைப்புப் பக்கத்தில் தொட வேண்டியவை கொஞ்சம்தான், ஆனால் தொட்டே ஆக வேண்டும். ஷட்டரை 1/50 விநாடியில் நிறுத்துங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஷட்டர் அதற்கு ஒத்துவராத வேகத்தில் ஓடினால் சில விளக்குகளின் கீழ் படம் துடிக்கும், அந்தத் துடிப்பு முழுவதும் அசைவாகப் பதிவாகும். கூரை நிழலும் வெளிவெயிலும் ஒரே படத்தில் வருவதால் இருட்டையும் வெளிச்சத்தையும் சேர்த்துத் தெளிவாகக் காட்டும் டபிள்யூடிஆர் வசதி இயங்க வேண்டும். வட்டில் இடத்தை மிச்சம் பிடிக்கும் "ஸ்மார்ட் கோடெக்" வசதியை அணைத்துவிடுங்கள். அசையாத பகுதியில் விவரத்தைக் கழித்துத்தான் அது மிச்சம் பிடிக்கிறது, நமக்கோ அசையாமல் கிடக்கும் பொருள்தான் வேண்டும். முந்தைய படத்தைச் சாராத முழு ஃபிரேம் விநாடிக்கு ஒன்று வரட்டும். கேமராவின் வீடியோ ஸ்ட்ரீமை ஆர்டிஎஸ்பி என்ற நெறிமுறை வழியாக எடுக்கும்போது, தொலைந்த பாக்கெட்டை மீண்டும் அனுப்பாத யுடிபி வேண்டாம், மீண்டும் அனுப்பும் டிசிபி போதும். பாக்கெட் தொலைந்தால் படத்தில் சாம்பல் திட்டு படியும், அதுவும் ஒரு "பை" ஆகிவிடும்.

ஃபிரேம் வேகத்தை மென்பொருளில் குறைத்தால் மட்டும் போதாது, கேமராவிலேயே 10-க்கு இறக்குங்கள். விநாடிக்கு 25 வரும் ஸ்ட்ரீமிலிருந்து 5 எடுத்துக்கொண்டாலும், இடையில் உள்ளவை ஒன்றையொன்று சார்ந்திருப்பதால் சுருக்கி வரும் 25-ஐயும் விரித்தே தீர வேண்டும். மாடலை ஓட்டும் செலவை எல்லோரும் கணக்குப் பார்க்கிறார்கள். சர்வர் முதலில் மூச்சுத் திணறுவது பெரும்பாலும் இந்த விரிப்பில்தான். சேமிப்புக் கணக்கு நேரானது: விநாடிக்கு 4 மெகாபிட் ஸ்ட்ரீம் நாளுக்கு 43 ஜிபி, 30 நாளுக்கு 1.3 டிபி, 16 கேமராவுக்கு 21 டிபிக்குச் சற்றுக் குறைவு.

இனி பையைக் கண்டுபிடிக்கும் பகுதி. மாடலை மட்டும் நம்பி இறங்க வேண்டாம். இலவசமாகக் கிடைக்கும் மாடல்கள் பெரும்பாலும் கோகோ என்ற பொதுப் படத்தொகுப்பில் பயின்றவை. அதன் 80 வகைகளில் பை என்று வருவது முதுகுப்பை, கைப்பை, சூட்கேஸ் மூன்றுதான். சாக்குமூட்டை இல்லை, கட்டைப்பை இல்லை, கயிறு கட்டிய அட்டைப்பெட்டி இல்லை. ஆட்டோவே இல்லாத பட்டியலில் கட்டைப்பையை எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. எனவே "புதிதாக வந்து அசையாமல் கிடப்பது எது" என்பதைப் பின்புலக் கழிப்பு முறையால் (வழக்கமான காட்சியைக் கற்றுவைத்து, இப்போதைய படத்திலிருந்து அதைக் கழிப்பது) பிடித்துவிட்டு, அது என்ன என்பதை மட்டும் மாடலிடம் கேட்பதே சரியான வரிசை.

பின்புலம் இரண்டு வைத்துக்கொள்ளுங்கள், ஒன்று வேகமாகக் கற்பது, ஒன்று மெதுவாகக் கற்பது. புதிதாக வைத்த பையை வேகமான பின்புலம் சீக்கிரமே தரையோடு சேர்த்துவிடும், மெதுவானது நெடுநேரம் அந்நியமாகவே பார்க்கும். இரண்டும் முரண்படும் இடத்தில் ஒரு புதிய அசையாப் பொருள் இருக்கிறது. யோசனை எளிது, ஆனால் ஓப்பன்சிவி என்ற நிரல் நூலகத்தில் உள்ள எம்ஓஜி2 என்ற பின்புலக் கழிப்பு நிரலில் இதைச் செய்யும்போது பலர் ஒரே இடத்தில் விழுகிறார்கள். அதில் ஹிஸ்டரி என்ற அளவின் இயல்பு மதிப்பு 500. அப்படியானால் பை 500 ஃபிரேம் வரை முன்புலமாக (புதிய பொருளாக) நிற்கும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் 500 என்றால் கற்கும் வேகம் 0.002. வெறும் தரைதான் பின்புலம் என்பதற்கு நிரல் தரும் எடை ஒவ்வொரு ஃபிரேமிலும் 0.998 ஆல் பெருகித் தேய்ந்துகொண்டே வரும். அது 0.9 என்ற இயல்பு வரம்புக்குக் கீழே இறங்கிய கணமே பையும் பின்புலத்தில் சேர்ந்துவிடும். அதற்கு 53 ஃபிரேம் போதும். விநாடிக்கு 25 ஃபிரேம் ஓடினால் இரண்டே விநாடி, 5 ஃபிரேம் ஓடினால் பத்தரை விநாடி. "எங்கள் மென்பொருள் பையைப் பிடிக்கிறது, உடனே மறந்துவிடுகிறது" என்ற புகாருக்கு முதலில் சோதிக்க வேண்டிய காரணம் இதுதான்.

கணக்கை நினைவில் வைக்க ஒரு குறுக்குவழி: 0.105-ஐக் கற்கும் வேகத்தால் வகுத்தால் எத்தனை ஃபிரேமில் பொருள் கரையும் என்று கிடைக்கும். விநாடிக்கு 5 ஃபிரேம் கொடுத்து, வேகமான பின்புலத்துக்கு 0.001 வைத்தால் 105 ஃபிரேம், அதாவது 21 விநாடி. மெதுவானதைப் 10 நிமிடம் தாக்குப்பிடிக்க வைக்க வேகத்தை மிகச் சிறிய எண்ணாக்க வேண்டியதில்லை. 10 விநாடிக்கு ஒரு ஃபிரேம் மட்டும் கொடுத்து, வேகத்தை 0.00175 என்று வையுங்கள். 60 ஃபிரேம், 10 நிமிடம். நிழலை எம்ஓஜி2 தன் முகமூடியில் (எது பின்புலம், எது புதிது என்று அது தரும் கறுப்பு வெள்ளைப் படம்) 127 என்று எழுதும், 200-க்குக் கீழுள்ள எல்லாவற்றையும் தள்ளிவிடுங்கள்.

மேகம் மறைத்தால் என்ன ஆகும்? வேகமான பின்புலம் புது வெளிச்சத்துக்குப் பழகிவிடும், மெதுவானது பழகாது, நடைமேடை முழுக்க ஒரே "பை"யாகிவிடும். பார்க்கும் பகுதியில் 40 சதவீதத்துக்கு மேல் ஒரே நேரத்தில் மாறினால் அதை வெளிச்ச மாற்றமாகக் கருதி, மெதுவானதன் மேல் வேகமானதை நகலெடுத்துவிடுங்கள். ஏற்கெனவே சந்தேகத்தில் உள்ள பைகளின் பட்டியலை மட்டும் அழிக்காதீர்கள்.

இன்னொரு தொல்லை, பேய்ப் பை. மென்பொருளைத் தொடங்கும்போதே அங்கிருந்த பையை ஒருவர் எடுத்துப் போனால், வெறும் தரை புதிய பொருளாகத் தெரியும். அந்த வடிவத்தின் ஓரத்தில் விளிம்புக் கோடுகள் எதில் அழுத்தமாக இருக்கின்றன என்று பாருங்கள். இப்போதைய படத்தில் என்றால் பொருள் வந்திருக்கிறது. பின்புலப் படத்தில் என்றால் போயிருக்கிறது. பத்து வரி நிரல்தான், ஆனால் இதைச் செய்யாத அமைப்பில் குப்பைத்தொட்டியை நகர்த்தும் ஒவ்வொரு காலையும் அலாரம் அடிக்கும்.

சந்தேகப் பகுதி கிடைத்ததும், சுருக்காத மூலப் படத்திலிருந்து அந்த இடத்தை மட்டும் வெட்டி மாடலுக்கு அனுப்புங்கள். மேலே சொன்ன 9 பிக்சல் சிக்கல் இங்கே பாதி தீர்ந்துவிடும். ஆட்களைத் தொடர முழுப் படமும் 640 அகலத்தில் விநாடிக்கு 5 முறை போதும், ஆள் பையைவிடப் பெரிது. மாடலின் உரிமத்தையும் ஒருமுறை படித்துவிடுங்கள். அல்ட்ராலிட்டிக்ஸ் நிறுவனம் வெளியிடும் யோலோ, நிரலைத் திறந்து வைக்கச் சொல்லும் ஏஜிபிஎல்-3.0 உரிமத்தில் வருகிறது. மூடிய பொருளாக விற்பதானால் வணிக உரிமம் வாங்க வேண்டியிருக்கும். யோலோஎக்ஸ் என்ற மாற்று மாடல், அந்தக் கட்டாயம் இல்லாத அப்பாச்சி 2.0 உரிமத்தில் கிடைக்கிறது.

மாடலுக்கு உங்கள் கேமராவின் படங்களைக் கொண்டே மறுபயிற்சி கொடுங்கள். 2,000 படங்கள் நல்ல தொடக்கம், ஆனால் அவை அதிகாலை, உச்சி வெயில், மழை, இரவு என்று பரந்திருக்க வேண்டும். வகைகளில் பை, மூட்டை, பெட்டி மட்டும் இருந்தால் போதாது. படுத்திருக்கும் ஆள், நாய், துடைப்ப வாளி, தள்ளுவண்டி இவையும் தனி வகைகளாக வேண்டும். போர்வையால் தலை வரை மூடித் தூங்குகிறவரை அந்நிய தரவில் பயின்ற மாடல் மூட்டை என்றுதான் சொல்லும். இரவு இரண்டு மணிக்கு வரும் அலாரங்களை ஆராய்ந்தால் பெரும்பாலும் அவர்தான் இருப்பார். பயிற்சிக்கும் சோதனைக்கும் படங்களைப் பிரிக்கும்போது நாள்வாரியாகப் பிரியுங்கள். ஒரே வீடியோவின் அடுத்தடுத்த ஃபிரேம்களை இரண்டு பக்கமும் போட்டால் சோதனையில் மதிப்பெண் அள்ளும், நடைமேடையில் பல்லிளிக்கும்.

இப்போது உரிமையாளர் விஷயம். 2 மீட்டர், 3 மீட்டர் என்று அளக்க, பிக்சலைத் தரை மீட்டராக மாற்ற வேண்டும். டேப் பிடித்துத் தரையில் நான்கு புள்ளிகளை அளந்து ஹோமோகிராஃபி (படத்தின் புள்ளியைத் தரையின் புள்ளியாக மாற்றும் சூத்திரம்) கணக்கிடுவது வழக்கம். ஆறு, எட்டுப் புள்ளி எடுத்தால் பிழை எவ்வளவு என்று சரிபார்க்கவும் முடியும். 2.8 மி.மீ. லென்ஸ் ஓரங்களை வளைக்கும், அதை நேராக்கிய பிறகே அளவெடுங்கள். ஆள் நிற்கும் இடத்துக்கு, மாடல் அவரைச் சுற்றி வரையும் செவ்வகப் பெட்டியின் அடிப்புள்ளியைக் கொள்கிறோம். அவர் பெஞ்சுக்குப் பின்னால் போனதும் கால் மறைந்து அடிப்புள்ளி மேலேறும், தரையில் அவர் சட்டென்று மூன்று நான்கு மீட்டர் பின்னால் தாவியதாகக் கணக்கு சொல்லும். பை அநாதையாகிவிடும். ஒரே ஃபிரேமில் பெட்டியின் உயரம் திடீரென்று சுருங்கினால், அடிப்புள்ளியை விட்டுவிட்டுத் தலைப்புள்ளியிலிருந்து பழைய உயரத்தைக் கீழே இறக்கிக் கணக்கிடுவது பாதுகாப்பு.

விக்டோரியா நிலைய விதி ஒரு பைக்கு ஒரு சொந்தக்காரர் என்று வைத்துக்கொள்கிறது. இங்கே ஏழு பைக்கு ஒரு குடும்பம். வைத்தவர் டீ வாங்கப் போவார், பாட்டி பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். வைத்தவரை மட்டும் தேடினால் பாட்டி காவலிருக்கும் ஒவ்வொரு மூட்டைக்கும் அலாரம். ஆகவே விதியைக் குழுவுக்கு எழுத வேண்டும். பை வைக்கப்படுவதற்கு முன்போ பின்போ, வைத்தவரோடு 2 மீட்டருக்குள் 20 விநாடி சேர்ந்திருந்த எல்லோரும் அந்தப் பைக்கு "கேட்பார்". அவர்களில் ஒருவர் இருந்தாலும் கடிகாரம் ஓடக் கூடாது. குழுவில் யாருமில்லை, ஆனால் வேறொருவர் பையருகே உட்கார்ந்திருக்கிறார் என்றால் மஞ்சள் நிலை, யாருமே இல்லையென்றால் சிவப்பு. காத்திருக்கும் நேரத்தையும் 30 விநாடியில் வைக்காதீர்கள். நடைமேடையில் 120 விநாடியில் தொடங்கி, கட்டுப்பாட்டு அறையின் அனுபவத்தைப் பார்த்துக் குறைக்கலாம்.

ஆட்களை ஃபிரேமுக்கு ஃபிரேம் தொடர பைட்டிராக் என்ற நிரல் போதும். உறுதி குறைந்த பெட்டிகளையும் தூக்கியெறியாமல் இரண்டாம் சுற்றில் பொருத்திப் பார்ப்பதால், பாதி மறைந்த ஆளை அது அவ்வளவு எளிதில் விடுவதில்லை. ஆனால் ரயில் வந்து நின்று 24 பெட்டியிலிருந்தும் கூட்டம் கொட்டும்போது எந்தத் தொடர்வும் உடையும். அந்த ஒன்றிரண்டு நிமிடம் புதிய முடிவு எதுவும் எடுக்காமல், ஓடிக்கொண்டிருக்கும் கடிகாரங்களை நிறுத்திவையுங்கள். அழித்துவிடாதீர்கள். கூட்டம் கலைந்ததும் பை அதே இடத்தில் இருந்தால் விட்ட இடத்திலிருந்து ஓடட்டும். தண்டவாளப் பகுதியை முகமூடியிட்டு மறைக்க மறந்தால் நின்ற ரயிலே உலகின் மிகப்பெரிய கேட்பாரற்ற பொருளாகிவிடும்.

இவ்வளவும் செய்த பிறகு அமைப்பு உயிரோடு இருக்குமா என்பதைத் தீர்மானிப்பது கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்திருப்பவரின் பொறுமை. 40 கேமரா, கேமராவுக்கு மணிக்கு ஒரு பொய் அலாரம் என்றால், ஒன்றரை நிமிடத்துக்கு ஒன்று அடிக்கும். மூன்றாம் நாள் ஒலியை அணைத்துவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. கேமராவுக்கு 8 மணி நேரப் பணிமுறையில் ஒன்று என்று குறைத்தால் மணிக்கு 5. அதைச் சமாளிக்கலாம். இந்த எண்ணை முதலில் முடிவுசெய்து, நம்பிக்கை வரம்பு (மாடல் எவ்வளவு உறுதியாகச் சொன்னால் ஏற்பது), காத்திருப்பு நேரம் எல்லாவற்றையும் அதிலிருந்து பின்னோக்கி அமையுங்கள். டெமோவில் கேட்க வேண்டிய கேள்வியும் "எத்தனை சதவீதம் துல்லியம்" என்பதன்று, "உச்ச நேரத்தில் கேமராவுக்கு மணிக்கு எத்தனை பொய் அலாரம்" என்பதுதான்.

அலாரத்தோடு இரண்டு படம் அனுப்புங்கள்: பை வைக்கப்பட்ட கணம், இப்போதைய நிலை. கூடவே 10 விநாடி வீடியோ. இதற்காகக் கேமராவுக்குக் கடைசி 4 நிமிடத்தைச் சுழற்சியாக நினைவகத்தில் வைத்தால் போதும். விநாடிக்கு 5 படம், படத்துக்கு 150 கேபி என்றால் 180 எம்பி. வெறும் சிவப்புச் சதுரம் வந்தால் பார்ப்பவர் பதிவை ஓட்டித் தேட நிமிடங்கள் ஆகும். வைத்தவரின் படமும் வந்தால் பார்த்த மாத்திரத்தில் முடிவெடுப்பார்.

இதே கேமராக்களில் முக அடையாளத்தையும் சேர்த்துவிடலாமே என்று யாராவது சொல்வார்கள். பெர்லினின் ஸூட்கிராய்ட்ஸ் நிலையத்தில் 2017-18-ல் ஜெர்மானியக் கூட்டரசுக் காவல்துறை நடத்திய சோதனையில், தவறான அடையாளம் 0.1 சதவீதத்துக்குக் கீழ் என்று அறிக்கை வந்தது. சிறிய எண்தான். ஆனால் நாளுக்கு 90,000 பேர் கடக்கும் நிலையத்தில் 0.1 சதவீதம் என்பது 90 நிரபராதிகள், ஒவ்வொரு நாளும். பை விஷயத்தில் பொய் அலாரத்துக்குப் பிராயச்சித்தம் ஒருவர் நடந்துபோய்ப் பார்ப்பது. முக விஷயத்தில் ஒரு மனிதரை நிறுத்தி விசாரிப்பது. ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்கை நுண்ணறிவுச் சட்டம், பொது இடத்தில் காவல்துறை நேரலையில் முகம் அறிவதைச் சில விதிவிலக்குகளோடு 2025 பிப்ரவரி முதல் தடுத்திருக்கிறது. கேட்பாரற்ற பையைப் பிடிக்க முகம் தேவையே இல்லை. சேமிக்கும் அலாரப் படங்களில் தொடர்பில்லாத முகங்களை மங்கலாக்கிவிடலாம். இன்னார் என்று தெரியாமலேயே "வைத்தவர் போய்விட்டார்" என்று சொல்ல முடியும்.

ஏற்றுக்கொள்ளும் சோதனையைப் பட்டப்பகலில் ஒரு சிவப்பு சூட்கேஸை நடுவில் வைத்து முடித்துவிடக் கூடாது. 50 முறையாவது வையுங்கள்: கறுப்புத் தரையில் கறுப்புப் பை, பெஞ்சுக்கு அடியில், தூணுக்கு ஒட்டி, குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில், இரவில் அகச்சிவப்பு விளக்கில், வைத்த கையோடு கூட்டம் மறைக்கும்போது. தவறிய ஒவ்வொன்றுக்கும் காரணத்தை எழுதுங்கள்: மறைவா, பிக்சல் குறைவா, நிறமா, தொடர்வு உடைந்ததா. ரயில்வே பாதுகாப்புப் படைக்கு முன்பே எழுத்தில் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். இல்லையென்றால் உங்கள் அமைப்பு பிடிக்காத பையை அவர்கள் பிடிப்பார்கள், உங்களையும் சேர்த்து.

பராமரிப்பில் இரண்டு மட்டும். அகச்சிவப்பு விளக்கின் இளஞ்சூட்டுக்குப் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும். இரவில் லென்ஸுக்கு முன்னால் ஆடும் ஒரு வலை நூல் வெள்ளைக் கயிறாகப் பளபளக்கும். 15 நாளுக்கு ஒருமுறை ஏணி போட்டுத் துடைக்க ஆளுக்கும் பணத்துக்கும் ஒப்பந்தத்திலேயே வழி வையுங்கள். அடுத்தது, வர்ணம் பூசுகிறவரோ விளக்கு மாற்றுகிறவரோ கேமராவை இரண்டு டிகிரி திருப்பிவிட்டால் தரை அளவுகள் எல்லாம் பொய்யாகிவிடும், திரையில் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. தினமும் அதிகாலை 4 மணிக்கு ஒரு படம் எடுத்து, நிறுவிய அன்று அதே நேரத்தில் எடுத்த படத்தோடு ஒப்பிட்டு, நிலையான மூலைகள் 5 பிக்சலுக்கு மேல் நகர்ந்திருந்தால் அந்தக் கேமராவின் பை அலாரத்தை நிறுத்தி, "மறுஅளவீடு தேவை" என்று மட்டும் காட்டச் செய்யுங்கள்.